ஒற்றைப் பல்சக்கரத்துக்கு ஓர் இயந்திரம்: பழுதுபார்க்கும் கடையில் 3டி பிரிண்டர்

வீட்டு உபயோகப் பொருட்களில் பல, மோட்டார் எரிந்தோ, போர்டு போயோ குப்பைக்குப் போவதில்லை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் துண்டு உடைந்து போவதுதான் காரணம். மூடியைப் பிடிக்கும் கொக்கி, திருகும் குமிழ், உள்ளே சுற்றும் பல்சக்கரம், கதவின் கைப்பிடி. மற்றதெல்லாம் நன்றாக ஓடும். அந்த ஒரு துண்டு மட்டும் கிடைக்காது. கேட்டால் “தனியா வராது, செட்டாத்தான் வாங்கணும்” என்பார்கள். செட்டின் விலையோ புதுப்பொருளை நெருங்கும். இந்தப் பதிலை வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் மேசை மேல் வைக்கும் 3டி பிரிண்டர் ஒன்றை வாங்கினேன்.

எந்த மாடல் சிறந்தது என்று ஒப்பிடும் மதிப்புரைகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் அநேகமாக ஒரு குட்டிப் படகு பொம்மையை அச்சடித்துக் காட்டி, மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பு என்று பெருமைப்படுவார்கள். எனக்கு அந்தப் படகால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அக்கம்பக்கத்து வேலையை நம்பிப் பிழைக்கும் ஒரு சின்னக் கடையில் இந்தக் கருவி தன் சோற்றைத் தானே சம்பாதிக்கிறதா, சம்பாதித்தால் அது தெருவில் வேறு யார் யார் கைக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுகிறேன். அதனால் பிராண்டு பெயர் எதுவும் இதில் வராது. இப்போது சந்தையில் இருக்கும் இந்த வகைக் கருவிகள் எல்லாமே அடிப்படையில் ஒரே வேலையை ஒரே மாதிரிதான் செய்கின்றன.

அந்த வேலை எளிமையானது. 1.75 மில்லிமீட்டர் தடிமனில் பிளாஸ்டிக் கம்பி ஒரு சுருளாக வருகிறது. அதை இழுத்து, உருக்கி, 0.4 மில்லிமீட்டர் துளையுள்ள முனை வழியாகக் கோடு கோடாக வரைகிறது. ஓர் அடுக்கு முடிந்ததும் 0.2 மில்லிமீட்டர் உயர்ந்து அடுத்த அடுக்கு. இப்படியே அடுக்கடுக்காக ஒரு பொருள் எழும்பி வரும். இந்த முறையைக் கண்டுபிடித்த ஸ்காட் கிரம்ப், மகளுக்காகத் தவளைப் பொம்மை செய்யப் பசைத் துப்பாக்கியை வைத்து விளையாடியதில் யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். அவருக்கு 1992இல் காப்புரிமை கிடைத்தது. அதன்பின் வெகுகாலம் இது பெரிய தொழிற்சாலைகளின் ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருந்த இயந்திரம்.

அது என் மேசைக்கு எப்படி வந்தது என்பதுதான் இதில் சுவாரசியமான கதை. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் என்ற விரிவுரையாளர் 2005இல் ரெப்ராப் என்ற திட்டத்தை ஆரம்பித்தார். தன் பாகங்களில் ஒரு பகுதியைத் தானே அச்சடித்துக்கொள்ளும் பிரிண்டர் செய்ய வேண்டும், அதன் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். 2008இல் ஒரு இயந்திரம் தன்னைப் போன்ற இன்னொன்றுக்கான பாகங்களை அச்சடித்தது. 2009இல் கிரம்பின் காப்புரிமைக் காலமும் முடிந்தது. அதன்பிறகு கொட்டகையிலும் மாடியறையிலும் இருந்தவர்கள் எல்லாம் பிரிண்டர் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். விலை மளமளவென்று இறங்கியது. செக் நாட்டில் யோசெப் புரூசா அப்படி ஆரம்பித்தவர்தான். 2012இல் தொடங்கிய அவருடைய நிறுவனம், தான் விற்கும் பிரிண்டர்களின் பிளாஸ்டிக் பாகங்கள் பலவற்றைத் தன் பிரிண்டர்களிலேயே வரிசை வரிசையாக அச்சடிக்கிறது. வரைபடம் திறந்து கிடந்ததால் ஒரு ஊரில் ஒரு தொழில் முளைத்தது. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்.

சரி, கடைக்கு வருவோம்.

பக்கத்தில் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா இருக்கிறார். பழைய மின் தையல் இயந்திரம். ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, “தம்பி, கடகடன்னு சத்தம் வந்துச்சு, அப்புறம் ஊசி மட்டும் ஏறி இறங்குது, தையல் விழ மாட்டேங்குது. சீருடை ஆர்டர் பாதியில நிக்குது” என்றார். திறந்து பார்த்தால் கீழே நூலைக் கோக்கும் ஊக்கைச் சுழற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் பற்கள் நொறுங்கியிருந்தன. அந்த மாடலை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. முன்பென்றால் நான் கையை விரித்திருப்பேன்.

பல்சக்கரம் என்றால் பலர் பயப்படுகிறார்கள். அவசியமில்லை. பற்களை எண்ணினேன்: உடைந்தவற்றின் அடித்தடத்தையும் சேர்த்து 24. வெர்னியர் அளவுகோலில் வெளிவிட்டம் 25.9 மில்லிமீட்டர். பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, வெளிவிட்டத்தை அதனால் வகுத்தால் மாட்யூல், அதாவது பல்லின் அளவைச் சொல்லும் எண், கிடைக்கும். 25.9ஐ 26ஆல் வகுத்தால் 0.996. அதாவது மாட்யூல் 1; தேய்மானத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மாட்யூலும் பல் எண்ணிக்கையும் தெரிந்துவிட்டால், பல்லின் வளைவை வரைபட மென்பொருள் தானே போட்டுக் கொடுக்கும். நடுத்துளையை மட்டும் நான் வேறு விதமாகக் கையாண்டேன். பழைய சக்கரத்தின் நடுவில் ஒரு பித்தளைப் புஷ் (உள்வளையம்) இருந்தது, அதில்தான் தண்டைப் பிடிக்கும் திருகு இறங்கும். பிளாஸ்டிக்கில் திருகைப் பிடிக்கவிட்டால் சீக்கிரம் வழுக்கும். எனவே அந்தப் புஷ்ஷைச் சூடாக்கிக் கழற்றி, புதிய நைலான் சக்கரத்தில் இறுக்கமாக இறக்கினேன். அச்சடித்து முடிய ஒன்றரை மணி நேரம் போல ஆனது. அக்கா அன்று சாயங்காலமே இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதில் செலவான நைலான் கம்பி சில கிராம்தான். நான் வாங்கிய கூலியில் பெரும்பகுதி அளவெடுத்ததற்கும் வரைந்ததற்கும். இது முக்கியம், ஏனென்றால் இந்தக் கருவியை வாங்குகிறவர்கள் கிராம் கணக்கில் விலை வைத்து மாட்டிக்கொள்கிறார்கள். சக்கரம் எத்தனை கிராம் என்று அக்காவுக்கு ஒரு அக்கறையும் கிடையாது. இயந்திரம் ஒரு நாள் நின்றால் எத்தனை உருப்படி போகும் என்பதே அவர் கணக்கு. என் கூலியை அந்தக் கணக்கோடு ஒப்பிட்டுத்தான் அவர் கொடுக்கிறார், சந்தோஷமாகவே கொடுக்கிறார். அவர் இயந்திரம் ஓடுவதால் பொத்தான் கடைக்கும் நூல் கடைக்கும் அந்த வாரம் வியாபாரம் நிற்கவில்லை. பொருளாதார வளர்ச்சி என்று பெரிய வார்த்தையில் சொல்வது எல்லாம் தெரு மட்டத்தில் பார்த்தால் இப்படித்தான் இருக்கும்.

ஒன்றே ஒன்று தேவைப்படும்போது ஒன்றை மட்டும் செய்ய முடிவதே இந்தக் கருவியின் மொத்த பலம். பிளாஸ்டிக் பாகத்தை வழக்கமாக அச்சுவார்ப்பில் செய்வார்கள். எஃகில் ஒரு அச்சு வெட்டி, உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி உள்ளே செலுத்துவார்கள். ஒவ்வொரு உருப்படியும் சில நொடிகளில் விழும், விலை சொற்பம். ஆனால் அந்த எஃகு அச்சுக்கே பெரும் முதலீடு வேண்டும், அதனால் ஆயிரக்கணக்கில் செய்தால்தான் கட்டுப்படியாகும். 3டி பிரிண்டருக்கு அச்சே கிடையாது. முதல் உருப்படிக்கும் பத்தாவது உருப்படிக்கும் ஒரே செலவு. எனவே பத்துக்கு இது ராஜா, பத்தாயிரத்துக்கு லாயக்கில்லை. “தொழிற்சாலைகளை எல்லாம் மூடிவிடலாம், இனி வீட்டுக்கு வீடு உற்பத்தி” என்று ஒரு காலத்தில் பேசினார்கள் அல்லவா, அதைப் பேசியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

இத்தாலியில் கியாரி என்ற சிறு நகரத்தின் மருத்துவமனையில் 2020 மார்ச்சில் நடந்தது இந்தக் கணக்குக்கு நல்ல சாட்சி. கொரோனா நோயாளிகளுக்கு ஆக்ஸிஜன் கொடுக்கும் முகமூடிகளில் ஒரு சிறிய வால்வு வேண்டும். கையிருப்பு தீர்ந்துவிட்டது, வழக்கமாக அனுப்புகிறவர்களால் உடனே கொடுக்க முடியவில்லை. அருகிலிருந்த இசின்னோவா என்ற சிறு நிறுவனத்தின் பொறியாளர்கள் பிரிண்டரோடு மருத்துவமனைக்கே போய், வால்வை அளந்து, வரைந்து, அச்சடித்தார்கள். ஓரிரு நாட்களிலேயே அவை நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டன. உலகத்தையே காப்பாற்றும் எண்ணிக்கை அல்ல அது. அந்த ஒரு மருத்துவமனைக்கு அந்த வாரத்துக்குத் தேவையான எண்ணிக்கை. அதைச் செய்யக்கூடிய கைகள் பக்கத்திலேயே இருந்தன.

இனி குறைகளுக்கு வருகிறேன். நிறைய இருக்கின்றன.

வேகம் முதல் குறை. விற்கிறவர்கள் நொடிக்கு இத்தனை நூறு மில்லிமீட்டர் என்று விளம்பரம் செய்வார்கள். உறுதியான பாகம் வேண்டுமானால் அந்த வேகத்தில் ஓட்டக்கூடாது, அடுக்குகள் சரியாக ஒட்டாது. வாஷிங் மெஷின் கதவின் கைப்பிடி அளவுக்குப் பெரியதாக இருந்தால் பல மணி நேரம் ஓடும். இரவு ஓட்டிவிட்டுத் தூங்கப் போகலாம் என்று நினைப்பீர்கள். முதல் அடுக்கு, பாகம் எழும்பும் தட்டில் சரியாக ஒட்டாவிட்டால், காலையில் பாகத்துக்குப் பதில் சிக்குப் பிடித்த நூல் பந்து ஒன்று இருக்கும். தட்டின் சமதளத்தைத் தானே அளந்து சரிசெய்யும் வசதி இப்போதைய கருவிகளில் வந்துவிட்டது, தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் முதல் அடுக்கு விழுந்து முடியும்வரை நான் பக்கத்தைவிட்டு நகர்வதில்லை. தவிர, ஆளில்லாத கடையில் இரவு முழுக்க 200 டிகிரிக்கு மேல் சூடான முனையை ஓடவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

இரண்டாவது, ஈரம். கம்பி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். நைலான் இதில் ரொம்ப மோசம். ஈரமேறிய கம்பி முனைக்கு வந்ததும் படபடவென்று பொரியும் சத்தம் கேட்கும், பாகத்தின் மேல் குமிழ் குமிழாகத் தெரியும், வலு இருக்காது. உலர்த்தும் பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். அதை ஏதோ ஆடம்பரத் துணைக்கருவி போல விற்கிறார்கள். என்னைக் கேட்டால் பிரிண்டரோடு சேர்த்தே கொடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, இது எந்தத் திசையிலும் ஒரே வலுவுள்ள பொருளைத் தராது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே பிடிப்பு குறைவு. ஒரு கொக்கியை நிற்கவைத்து அச்சடித்தால், அது வளையும் இடத்தில் அடுக்குகள் குறுக்கே வரும். நாலு தடவை திறந்து மூடினால் ‘டிக்’ என்று பிரிந்துவிடும். அதையே படுக்கவைத்து அச்சடித்தால் கோடுகள் நீளவாக்கில் ஓடும், வளைந்து கொடுக்கும். உள்ளே எவ்வளவு சதவீதம் நிரப்புவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் பலர். வெளிச்சுவரை இரண்டு கோட்டிலிருந்து நாலு கோடாக்கினால் கிடைக்கும் வலு, உள்நிரப்பை இரட்டிப்பாக்கினாலும் பல நேரம் கிடைப்பதில்லை.

நான்காவது, வெப்பம். இந்தத் துறையில் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். தாவரச் சர்க்கரையிலிருந்து வருவது, 200 டிகிரி பக்கம் அச்சாகும், தொல்லை கொடுக்காது. ஆனால் 60 டிகிரியைத் தொட்டால் இளகிவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் தொங்கிப்போகும். மோட்டார் பக்கத்திலும் வைக்க முடியாது. பெட்ஜி என்ற இன்னொரு வகை 80 டிகிரி வரை தாங்கும். என் கடையில் குமிழ், கைப்பிடி, மூடி எல்லாம் அதில்தான். ஏபிஎஸ் என்ற மூன்றாவது வகை நூறு டிகிரியைத் தாண்டியும் நிற்கும், ஆனால் மூடிய பெட்டிக்குள் அச்சடிக்காவிட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும். அதன் வாசனை உடம்புக்கு ஆகாது. ஜன்னலும் விசிறியும் இல்லாத கடையில் ஏபிஎஸ் பக்கமே போகாதீர்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு நிஜமாகவே எரிச்சல் வந்தது வேறொன்றில். என் கருவியின் சூடேற்றும் பகுதி ஒருநாள் செயலிழந்தது. அதன் இணைப்பு அந்த நிறுவனத்துக்கே உரிய தனி வடிவம், வெளியில் கிடைக்கும் எதுவும் பொருந்தாது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால், “கையிருப்பு இல்லை, வந்ததும் தெரிவிக்கிறோம்” என்று பதில். உதிரிபாகம் செய்ய வாங்கிய இயந்திரம் தன் உதிரிபாகத்துக்காகக் காத்துக்கிடக்கிறது! கடைக்கு வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். ரெப்ராப்பின் திறந்த வரைபடத்தில் தழைத்த ஒரு துறை, இப்போது மெல்ல மெல்லப் பூட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது. சில கருவிகள் இணையத்தில் நுழைந்து கணக்கைத் திறந்தால்தான் முழு வசதியும் தரும். வாங்கும்போது பார்க்க வேண்டியது முனை, சூடேற்றி, விசிறி, பெல்ட் இந்த நாலும் பொதுவான அளவில் பல இடங்களில் கிடைக்கிறதா என்பதை. வேகமும் வண்ணமும் அப்புறம்.

நல்ல பக்கத்துக்குத் திரும்புகிறேன். நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: வேலை என்னோடு நிற்கவில்லை. எனக்கு அளவெடுக்க வரும், எளிய வடிவங்களை வரைய வரும். வளைவும் நெளிவுமாக வரும் பாகங்களை வரைய எனக்குப் பொறுமை போதாது. இயந்திரப் பொறியியல் படிக்கும் ஒரு தங்கை அதை வீட்டிலிருந்தே வரைந்து கொடுக்கிறாள். உடைந்த பாகத்தைப் பல கோணங்களில் படம் எடுத்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்து, முக்கிய அளவுகளைத் தாளில் குறித்து அனுப்புவேன். வரைபடத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒருமுறை வரைந்தது கோப்பாக நின்றுவிடுகிறது. அதே மாடல் இன்னொருவரிடம் உடையும்போது வரைவுச் செலவே கிடையாது, அந்தப் பகுதியை விலையில் குறைத்துவிடுகிறேன். அவளுக்கும் மறுபடி அச்சடிக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பங்கு போகிறது. அது எங்களுக்குள் வாய்மொழி ஏற்பாடுதான். காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், அவள் சொல்வது சரி.

இன்னொருவர் மின்கம்பிகளைச் சுவரோடு பிடிக்கும் ஒரு புதுவிதக் கிளிப்பை மனதில் வைத்துக்கொண்டு அலைந்தவர். அவரும் மின்வேலை செய்பவர், ஆணியடிக்காமல் ஒற்றைக் கையால் மாட்டும்படி ஒன்று வேண்டும் என்பது அவர் ஆசை. எஃகு அச்சு வெட்டிவிட்டு அப்புறம் அளவு தவறு என்று தெரிந்தால் போட்ட பணம் போச்சு. அதனால் என்னிடம் வந்து முதலில் ஒன்று அடித்தார், மாட்டிப் பார்த்தார், தாடை தடிமனாக இருக்கிறது என்றார். குறைத்தோம், இப்போது சுலபமாகக் கழன்றது. உட்பக்கம் ஒரு சின்ன மேடு வைத்தோம். இப்படியே அடித்து, மாட்டி, திருத்தி, கடைசியில் இருநூறு உருப்படி அச்சடித்துத் தனக்குத் தெரிந்த மின்வேலைக்காரர்களிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் திரும்பி வந்து கேட்ட பிறகுதான் அச்சு வெட்டக் கொடுத்திருக்கிறார். என் வருமானம் அந்த இருநூறோடு முடிந்தது, அது எனக்குத் தெரிந்தே நடந்தது. இந்தக் கருவிக்கு அதுதான் இயல்பான வேலை: யோசனை தப்பாகிப் போகும் செலவைக் குறைத்துவிட்டு, பெரிய இயந்திரத்திடம் கைமாற்றிவிடுவது. முதலீடு குறைந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

தென்னாப்பிரிக்காவில் ரிச்சர்ட் வான் ஆஸ் என்ற தச்சர் 2011இல் விபத்தில் விரல்களை இழந்தார். அமெரிக்காவில் வேடிக்கை உடைக்காக ஒரு பெரிய இயந்திரக் கை செய்த ஐவன் ஓவனை இணையத்தில் பிடித்து, இருவரும் சேர்ந்து அச்சடிக்கக்கூடிய செயற்கைக் கையை உருவாக்கினார்கள். வரைபடத்தை உலகுக்குத் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த தன்னார்வலர் கூட்டம் இன்றும் குழந்தைகளுக்குக் கை அச்சடித்துக் கொடுக்கிறது. குழந்தை வளர வளர அளவை மாற்றி மறுபடி அடிக்கலாம். ஆளுக்கு ஏற்ற அளவு என்பது இந்தக் கருவிக்குக் கூடுதல் செலவே வைப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

செய்யக்கூடாத வேலைகள் என்று என் கடையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். வண்டியின் பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதுவும் கிடையாது. எரிவாயு செல்லும் பாதையில் எதுவும் கிடையாது. நேரடியாக மின்சாரம் பாயும் முனையை மூடும் பாகம் கிடையாது, ஏனென்றால் சாதாரணப் பிளாஸ்டிக் கம்பிக்குத் தீத்தடுப்புத் தரச்சான்று இல்லை. வாயில் வைப்பதும், சாப்பாட்டில் படுவதும் கிடையாது. அடுக்குகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய பள்ளங்களில் அழுக்கு தங்கும், கழுவினாலும் போகாது. பழகிய முகங்களே வந்து கெஞ்சுவார்கள். “அண்ணே, ஒரு வாரத்துக்கு ஓடினா போதும்ணே” என்பார்கள். தாளைக் காட்டுவேன்.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் திரும்புகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த பழுதுபார்க்கும் உரிமை உத்தரவு, சுதந்திரமாகப் பழுதுபார்ப்பவர்கள் சட்டத்துக்கு உட்பட்ட 3டி அச்சு உதிரிபாகங்களைப் பயன்படுத்துவதைத் தயாரிப்பாளர் தடுக்கக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதன் பட்டியலிலுள்ள பொருட்களுக்கு மட்டும்தான், 2026 ஜூலை 31இலிருந்து நடைமுறை. பிலிப்ஸ் நிறுவனம் 2025இல் ஒரு படி மேலே போய், தன் சவரக் கருவியின் சீப்புப் பாகத்தின் வரைபடத்தை அச்சடித்துக்கொள்ளும்படி தானே வெளியிட்டது. ஆரம்பத்தில் ஒரே ஒரு சீப்புதான். ஆனாலும் தயாரித்தவரே அளவு கொடுத்தால், வெர்னியரை வைத்துக்கொண்டு நான் ஊகிக்க வேண்டியதில்லை. எல்லோரும் கொக்கிக்கும் குமிழுக்கும் மட்டுமாவது இப்படிக் கொடுத்தால் தெருவுக்குத் தெரு வேலை இருக்கும்.

இந்தக் கருவி ஒரு ஊருக்கு வேலை கொண்டுவரும் என்று நம்பிப் பெரிய அளவில் செய்யப்பட்ட முயற்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் கெர்ஷன்ஃபெல்ட் தொடங்கிய, கணினியால் இயங்கும் கருவிகளை ஊராருக்குத் திறந்துவைக்கும் ஃபேப் லேப் ஆய்வுக்கூடங்களில் மிக ஆரம்பகாலத்தவற்றில் ஒன்று, மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்தில் விஞ்ஞான் ஆசிரமத்தில் 2002இல் வந்தது. அங்கே ஏற்கெனவே பள்ளியை விட்ட பிள்ளைகளுக்குக் கைத்தொழிலோடு சேர்த்துப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கருவிகள் அந்தப் பட்டறை வேலைக்குள் போய் உட்கார்ந்தன. மறுபக்கம், அமெரிக்காவில் டெக்‌ஷாப் என்று சந்தா கட்டி யார் வேண்டுமானாலும் இயந்திரங்களைப் பயன்படுத்தும் பெரிய பெரிய பட்டறைகள் வந்தன. பிரமாதமான இயந்திரங்கள். 2017 நவம்பரில் அங்கிருந்த கிளைகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடிவிட்டு நிறுவனம் திவாலாவதாக அறிவித்தது. சந்தாவை நம்பி அவ்வளவு பெரிய வாடகையைச் சுமக்க முடியவில்லை.

என் கடையிலிருந்து பார்த்தால் இந்த வித்தியாசம் ஒன்றும் புதிர் இல்லை. உடைந்த சாமானோடு ஆட்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த இடத்தில் இந்த இயந்திரம் வந்து உட்கார்ந்தது, அதனால் முதல் வாரமே அதற்கு வேலை இருந்தது. காலி அறையில் பிரிண்டரை வைத்து “வாங்க, ஏதாவது செய்யலாம்” என்று கதவைத் திறந்துவைத்தால் சாவிக்கொத்து மாட்டும் வளையம்தான் அடித்துக்கொண்டிருப்போம். பள்ளிக்கூடங்களில் வாங்கிவைத்த பல பிரிண்டர்கள் உறை போர்த்திக்கொண்டு நிற்பதற்கும் காரணம் இதுவே. உள்ளூர் வளர்ச்சிக்கு என்று கருவி வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள் அதைக் கண்ணாடி அறையில் வைப்பதற்குப் பதில் தையல்காரர், மின்வேலைக்காரர், பல் மருத்துவர், சைக்கிள் கடைக்காரர் யாராவது ஒருவர் பட்டறையில் வைக்கட்டும். கூடவே வரையத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு ஆறு மாதச் சம்பளமும் கொடுத்தால் கருவியைவிட அது அதிகம் விளையும்.

மதிப்பெண் கேட்டால்: பழுதுபார்க்கும் கடைக்கு 5க்கு 4. அந்த ஒரு புள்ளியைக் குறைத்தது ஈரமும் வேகமும் அல்ல, பூட்டுப்போட்ட உதிரிபாகம். பொழுதுபோக்குக்கு வாங்குகிறவர்களுக்கு என் மதிப்பெண் உபயோகப்படாது. புதிதாகத் தொழில் தொடங்க இது ஒன்றை மட்டும் நம்பி வாங்குகிறவர்களுக்கு 2தான் கொடுப்பேன்.

வாங்குவதானால் நடுத்தர அளவு போதும். இருபது சென்டிமீட்டர் சதுரத் தட்டைத் தாண்டிய பாகம் எனக்கு அபூர்வமாகத்தான் வருகிறது. அதில் மிச்சமாகும் பணத்தில் நல்ல டிஜிட்டல் வெர்னியர் ஒன்று, உலர்த்தும் பெட்டி ஒன்று, கூடுதல் முனைகள் நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். கம்பியில் பெட்ஜி இரண்டு சுருள், நைலான் ஒன்று. முதல் வேலையாக, 6 மில்லிமீட்டர் தண்டு நுழைவதற்கான துளையை 6.0, 6.1, 6.2, 6.3 என்று ஒரே தட்டில் வரிசையாக அச்சடித்து, எது உங்கள் கருவியில் சரியாக நுழைகிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். என் கருவியில் 6.2. அதிகம் வரும் ‘டி’ வடிவத் தண்டில் தட்டைப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 4.5 மில்லிமீட்டர், அதற்கும் அதே 0.2 கூட்டிக்கொள்கிறேன். விசிறிக் குமிழிலிருந்து ஆம்ப்ளிஃபயர் குமிழ் வரை பாதி வேலை இந்த இரண்டு எண்ணிலேயே முடிந்துவிடும்.